வெருளுகிற இளங்குதிரை: ஏறுகிற கதை பிறகு, முதலில் கையில் பிடித்து நடக்க வைப்பது எப்படி?

படலையடி | நவம்பர் 9, இரவு 8.40

வணக்கம். இதை மாட்டுப் பகுதியில் போடுவதா வேறெங்காவது போடுவதா என்று விளங்கவில்லை. மொடறேற்றர் விரும்பின இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நுவரெலியாவில் வாவிக் கரையில் சுற்றுலாக்காரரைக் குதிரையில் ஏற்றிப் பிழைக்கிற ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் இரண்டு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். லொறியில் இரவோடிரவாக ஏ9 வழியே கோண்டாவிலுக்கு வந்து இறங்கி இன்றைக்குப் பன்னிரண்டு நாள். எட்டுப் பரப்பு வளவு, கிணறு, தகரக் கொட்டில் எல்லாம் இருக்கிறது. ஏறி ஓடுகிற ஆசை இப்போதைக்கு இல்லை. கயிற்றைப் பிடித்துக் கிணற்றடிக்கும் கொட்டிலுக்கும் கூட்டிப்போக முடிந்தால் போதும். அதுவே முடியவில்லை.

காகம் இறங்கினால் வெருளுகிறது. காவோலை விழுந்தால் வெருளுகிறது. அம்மா சேலையை உதறிக் கொடியில் போட்டால் வளவின் மறுகோடிக்கு ஓடிவிடும். (அம்மா சிவப்பி என்று பெயர் வைத்திருக்கிறார். முன்பு இருந்த பசுவின் பெயர். மாற்றச் சொன்னால் கேட்கமாட்டார்.) மழைக்குக் கொட்டிலுக்குள் இழுத்தால் வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும்.

முந்தநாள் காலை நடந்ததுதான் இதை எழுத வைத்தது. படலைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். பாண் விற்கிற ஓட்டோ வழக்கமாகப் போடுகிற அந்தப் பாட்டைப் போட்டபடி ஒழுங்கைக்குள் திரும்பியது. தப்பிவிடக்கூடாதே என்று கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். ஒரே உன்னல். வாழைகளுக்கு நடுவால் என்னைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கையில் தோல் இல்லை. மோதிர விரல் இன்னும் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. பாண்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டார், பாட்டை மட்டும் நிறுத்தவில்லை.

யாராவது வழி சொல்லுங்கள்.


சவாரிக்காரன் | நவம்பர் 9, இரவு 9.15

தம்பி, முதலில் ஏற்பூசி (டெற்றனஸ் ஊசி) போட்டாயா? அதைப் பார்.

நான் குதிரை வைத்ததில்லை. மாட்டுவண்டிச் சவாரிக்கு மாடு வைத்தது முப்பது வருடம். புது நாம்பன் (இளங்காளை) வந்தால் நல்ல பூவரசாகப் பார்த்துக் கட்டிவிடுவோம். இரண்டு நாள் இழுக்கும், சுழலும், பிறகு தானாக அடங்கும். கயிற்றோடு பிடிக்கிற சண்டையை மரத்தோடு பிடிக்கட்டும், உன்னோடு வேண்டாம். குதிரைக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். நாலு கால், ஒரு வால்.


பனிக்கொட்டில் | நவம்பர் 9, இரவு 11.52

சவாரிக்காரன் அண்ணை கோபிக்கக்கூடாது. பூவரசில் கட்டுகிற வேலையை மட்டும் செய்யவேண்டாம் தம்பி.

நான் அராலி. இப்போது ஒன்ராறியோவில் ஒரு குதிரைப் பண்ணையில் பதினொரு வருடமாக இலத்தி அள்ளுகிறேன். இடையிடையே குட்டிகளைப் பழக்கவும் விடுவார்கள். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

கட்டிவிட்ட இளங்குதிரை வெருண்டால் பின்னுக்கு இழுக்கும். கழுத்து இறுகும். இறுகினால் இன்னும் பயந்து இன்னும் இழுக்கும். நிற்கவே நிற்காது, கழுத்துப் பிடித்துக்கொள்ளும் அல்லது சறுக்கி விழும். கயிறு அறுந்தால் அதைவிட மோசம், இழுத்தால் அறும் என்று ஒரே நாளில் படித்துவிடும். கயிறு இளகும் என்று அதற்கு நம்பிக்கை வந்த பிறகுதான் கட்டுகிற கதை. அப்போதும் அதன் தோள் உயரத்தில், ஒரு இழுவையில் அவிழ்கிற முடிச்சாகக் கட்டவேண்டும், நடுவில் ஒரு சணல் நூல் வளையம் போட்டு. ஆபத்தென்றால் சணல் அறட்டும்.

கயிறு பத்துப் பன்னிரண்டு அடி, பெருவிரல் மொத்தத்தில் பருத்திக் கயிறு. மீன்பிடி நைலோன் கயிறு வேண்டாம், உருவினால் உள்ளங்கையைச் சுட்டுவிடும். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றக்கூடாது என்பது இப்போது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாம்பு போல மடித்து, மடிப்புகளின் நடுவில் பிடியுங்கள். இழுத்தால் மடிப்பு மடிப்பாகக் கழன்று போகும், விரல் மிஞ்சும்.

இனி நடப்பது. முகத்துக்கு முன்னால் நின்று இழுத்தால் வராது. குதிரைக்கு இரண்டு கண்ணும் தலையின் பக்கங்களில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு துண்டும், வாலுக்கு நேர் பின்னால் ஒரு துண்டும்தான் குருடு. நீங்கள் அந்த முன் குருட்டுக்குள் நின்றுகொண்டு, போதாததற்கு அதன் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு இழுக்கிறீர்கள். தோளோடு தோளாக நில்லுங்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கயிற்றின் தொய்வை மெல்ல எடுத்து, இறுக்கியும் விடாமல் இளக்கியும் விடாமல் அப்படியே வைத்திருங்கள். ஒரு நிமிடம் ஆகலாம். அதன் பாரம் முன்னங்காலுக்கு மாறும், கால்கூடத் தூக்கியிருக்காது, உடம்பு சாயும். அந்தக் கணத்தில் கயிற்றை விட்டுவிடுங்கள். முழுதாக. பிறகு திரும்பக் கேளுங்கள்.

கயிறு இறுகும்போது குதிரை எதையும் படிப்பதில்லை, இளகும்போதுதான் படிக்கிறது. இழுத்த இழுவைக்குக் குதிரை ஒரு அடி வைத்த பிறகும் ஆசையில் இழுத்துக்கொண்டே போவோம் பாருங்கள், எல்லாரும் பிழைக்கிற இடம் அதுதான்.

நேரே இழுத்தும் அசையாவிட்டால் பலத்தைக் கூட்டவேண்டாம், பக்கவாட்டில் போய்க் கேளுங்கள். நேராக நின்றால் உங்கள் எழுபது கிலோவுக்கும் அதன் இருநூறு கிலோவுக்கும் கயிறிழுத்தல் போட்டி. தலையைப் பக்கத்துக்குத் திருப்பினால் ஒரு காலை எடுத்து வைக்காமல் நிற்பது அதற்குக் கஷ்டம். ஒரு கால் அசைந்தால் பூட்டுத் திறந்த மாதிரி.

கொட்டில் வாசல் பிடிவாதமில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும்போது அதன் கண் பழக எங்களைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்கு உங்கள் கொட்டில் ஒரு கறுப்பு ஓட்டை. பின்பக்கத்தில் இரண்டு தகரத்தைக் கழற்றிவிட்டு வெளிச்சம் விழ வைத்துப் பாருங்கள்.


மிருகவைத்தியம் | நவம்பர் 10, காலை 7.05

நான் பசுவுக்குச் சினை ஊசி போடுகிற ஆள். குதிரை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சவாரிக்காரன் அண்ணைக்கு: நாலு கால், ஒரு வால் சரி, ஆனால் உதை வேறு. மாடு காலை முன்னுக்குக் கொண்டுவந்து பக்கமாக வீசும். குதிரை பெரும்பாலும் நேர் பின்னுக்கு அடிக்கும், சிலவேளை இரண்டு காலையும் சேர்த்து. ஆகவே பின்னால் சுற்றிப் போவதென்றால் இரண்டே வழி. ஒன்று, உடம்போடு ஒட்டி, சப்பையில் (பின்னிடுப்பில்) கை வைத்தபடி, கதைத்துக்கொண்டு போவது. ஒட்டியிருந்தால் உதைக்கு வேகம் எடுக்க இடமில்லை. இல்லையென்றால் பத்தடி தள்ளிப் போவது. நாலடி தூரத்தில் பின்னால் நிற்பவர்தான் ஆசுப்பத்திரிக்குப் போவார்.

படலையடிக்கு: உங்களுக்கு மட்டுமில்லை, குதிரைக்கும் ஏற்பு தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். வளர்ப்பு மிருகங்களில் ஏற்பு மிகச் சுலபமாகப் பிடிப்பது குதிரைக்குத்தான். தகரக் கொட்டில் உள்ள வளவு என்கிறீர்கள். கேட்டுச் சொல்லுங்கள்.

வேலியில் அலரி இருக்கிறதா? வெட்டுங்கள். மஞ்சள் அலரி, செவ்வலரி இரண்டும். கொஞ்ச இலையே குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். கையில் பிடித்து ஒழுங்கையில் நடத்தும்போது நீங்கள் போனில் கதைத்துக்கொண்டு நின்றால் அது வேலியில் வாய் வைக்கும். இப்பில் இப்பில் குழையும் வேண்டாம், பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். ஆட்டுக்குப் போடுகிற குழையெல்லாம் குதிரைக்குச் சரிவராது. அறுகு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. பிழையானதைத் தின்றுவிட்டால் வாந்தியெடுக்கவும் அதனால் முடியாது.


நரிபரி | நவம்பர் 10, காலை 9.30

இரவில் ஊளையிடுகிறதா என்று ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். மாணிக்கவாசகருக்காக நரியிலிருந்து பரியான குதிரைகளும் பகலில் நல்லாத்தான் இருந்தன.


படலையடி | நவம்பர் 10, மாலை 6.20

நரிபரி, ஊளை இல்லை. கனைக்கிறது. இரவு முழுக்கக் கனைக்கிறது, பக்கத்து வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்க்கிற பார்வை நல்லாயில்லை.

டொக்டர், ஏற்பு ஊசி போட்டதாகத் துண்டு இருக்கிறது. அலரி இரண்டு மரம் நின்றது, இன்றைக்கே தறித்துவிட்டேன். அம்மாவுக்குப் பூசைக்குப் பூ இல்லை என்று கோபம்.

பனிக்கொட்டில் அண்ணை, கயிறு இளக்குவதை இன்று பின்னேரம் செய்து பார்த்தேன். முதல் அடிக்கு மூன்று நிமிடம் எடுத்தது. கை உளைந்தது. ஆனால் வைத்தது! பத்தாவது தடவை கயிற்றைத் தூக்க முதலே வந்தது. ஒரு சந்தேகம்: அது வெருளும்போது நான் பயத்தைக் காட்டுவதேயில்லை. சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். பிறகு ஏன்?


பனிக்கொட்டில் | நவம்பர் 11, அதிகாலை 1.10

நீங்கள் முகத்தால் சிரிக்கிறீர்கள். அது உங்கள் தோளையும் மூச்சையும் பார்க்கிறது.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை நூறு வருடத்துக்கு முன் பேர் பெற்றது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஊரே அதிசயித்தது. 1907ல் ஒரு உளவியல் ஆய்வாளர் ஆற அமர இருந்து பார்த்தபோது, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழையளவு நிமிரும், அதைப் பார்த்துத்தான் அது நிறுத்தியது. சொந்தக்காரர் ஏமாற்றவில்லை, தான் அசைந்ததே அவருக்குத் தெரியாது.

இன்னொன்று, சுவீடனில் செய்த ஒரு ஆய்வு, 2009ல் வந்தது. ஆட்களைக் குதிரையோடு ஒரே வழியில் பல தடவை நடக்க விட்டார்கள். கடைசித் தடவை மட்டும், ‘இந்தமுறை நீங்கள் போகும்போது குடை ஒன்று விரியும்’ என்று ஆட்களிடம் சொன்னார்கள். குடை விரியவேயில்லை. ஆனால் ஆளின் இதயத்துடிப்பும் ஏறியது, கயிற்றின் மறுமுனையில் குதிரையின் துடிப்பும் ஏறியது. உங்கள் பாண் ஓட்டோ அந்தக் குடைதான். ஓட்டோ வருகிற நேரம் ஆகும்போதே நீங்கள் கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அடித்துச் சொல்வேன்.

சுருக்கினால் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. பார்க்க முடியாததுதான் அதற்குப் பேய். தொய்வு விடுங்கள், பார்க்க விடுங்கள். பயப்படுகிற சாமானுக்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள், மறுபக்கத்தில் இல்லை. அது பயத்துக்கு எதிர்ப்பக்கமாகத்தான் பாயும், அந்தப் பக்கம் நீங்கள் நின்றால் உங்கள் மேல்தான் வந்து விழும்.

கனைப்பது தனிமை. குதிரை கூட்டத்துப் பிராணி. ஒன்று தூங்கும்போது இன்னொன்று காவல் நிற்க வேண்டும் அதற்கு. இன்னொரு குதிரை வாங்கச் சொன்னால் அம்மா உங்களைத் தறித்துவிடுவார். ஒரு ஆடு வாங்குங்கள்.


தீவான் | நவம்பர் 12, இரவு 10.05

நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் இடையில் நுழைகிறேன். எங்களூர்க் குதிரைகளை யாரும் பழக்கவில்லை. போர்த்துக்கேயர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள், ஒல்லாந்தரும் பிறகு ஆங்கிலேயரும் வளர்த்தார்கள், அதற்குப் பிறகு காட்டில் தாங்களே வாழ்கின்றன. லாயம் இருந்த இடத்தில் இன்றைக்குத் தூண்கள்தான் நிற்கின்றன.

சின்ன வயதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு, குதிரைக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்று. கெதியாய்ப் போனவன் எப்போதும் தோற்றான். என் மச்சான் ஒருவன் மட்டும் வெல்வான். அவன் குதிரையை நோக்கிப் போகவே மாட்டான். முருகைக்கல் மதிலோரமாக, தொலைந்த செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்தபடி வளைந்து வளைந்து போவான். ஒரு குதிரை தலையைத் தூக்கினால் உடனே நிற்பான், திரும்பி இரண்டடி பின்னுக்கு வருவான், குந்தி இருப்பான். அது தலையைக் குனிந்து புல்லைக் கடித்த பிறகுதான் எழும்புவான். அரை மணித்தியாலத்தில் இருபதடிக்குள் போய்விடுவான். நாங்கள் கல்லெறி தூரத்தில் நிற்போம்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறோம். முதலில் தலை தூக்குவது ஆண்குதிரை இல்லை, ஒரு வயதான பெட்டை. அது பார்த்துவிட்டுத் திரும்ப மேய்ந்தால் மற்ற எல்லாம் மேயும். அது ஓடினால் எல்லாம் ஓடும். உங்கள் வளவில் அந்தக் கிழவி நீங்கள்தான் என்று நினைத்துப் பாருங்கள்.

யாரும் கேட்க முன்பே சொல்லிவிடுகிறேன்: இல்லை, எங்களூர்க் குட்டியைப் பிடித்துவந்து வளர்க்க முடியாது. தீவுக்கு வெளியே கொண்டுபோகத் தடை. ஆசைப்பட்டால் குறிகட்டுவானில் படகேறி வந்து பாருங்கள். கோடையில் வந்தால் தண்ணீர்ப் பஞ்சத்தில் அதுகள் படுகிற பாட்டையும் பார்ப்பீர்கள்.


சவாரிக்காரன் | நவம்பர் 13, மாலை 5.45

பூவரசை விட்டுவிட்டேன். எங்கள் ஆட்கள் துவரங்கம்பாலும் ஆணியாலும் மாட்டை ஓட வைத்ததைப் பார்த்து வளர்ந்த வாய், அப்படித்தான் வரும். கம்பில்லாமலும் ஓட்டலாம் என்று இப்போது கதைக்கிறார்கள், நல்லது.

ஆனால் எங்களிடமும் நல்லது ஒன்று இருக்கிறது, எழுதுகிறேன். புது நாம்பனைத் தனியே றோட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம். பழகின கிழட்டு மாட்டோடு பிணைத்துத்தான் முதல் நடை. பஸ் வந்தால் நாம்பன் துள்ளும், கிழடு அசையாது. துள்ளினதுக்கு நாங்கள் ஏசவும் மாட்டோம், தடவவும் மாட்டோம், அப்படியே நடப்போம். பத்து நாளில் நாம்பனும் பஸ்ஸைப் பார்த்து அசை போடும். தீவான் சொன்ன கிழவிக் கதையும் இதுதானே.

பின்னால் வரும்போது குரல் கொடுத்துக்கொண்டு வருவதும் எங்கள் வழக்கம். ஒரே சத்தம், எப்போதும் அதே சத்தம். நான் நாக்கைத் தட்டுவேன், என் அப்பு ‘ஓ… ஓ…’ என்பார். நீயும் ஒன்றைப் பிடித்துக்கொள் தம்பி, பாட்டுப் படித்தாலும் சரி.

குளம்பு வெட்ட ஆள் இருக்கிறதா? எங்களுக்கு லாடம் அடிக்கிறவர் இருக்கிறார், ஆனால் மாட்டை விழுத்திக் கட்டித்தான் அடிப்பார்.


மிருகவைத்தியம் | நவம்பர் 13, இரவு 8.00

விழுத்துவது குதிரைக்கு ஆகாது. நின்றபடி கால் தரப் பழக்கவேண்டும். லாடம் தேவையில்லை, ஆனால் ஆறு தொடங்கி எட்டுக் கிழமைக்கு ஒருமுறை குளம்பைச் சீவவேண்டும், அதற்கு முதல் கால் தொட விட வேண்டும். தோளில் கை வைத்து, அப்படியே கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். எங்கே தோல் சிலிர்க்கிறதோ அந்த இடத்தில் கையை எடுக்காமல் நிறுத்துங்கள். சிலிர்ப்பு நின்றதும் எடுங்கள். முதல் நாள் முழங்காலோடு போதும். கால் தூக்குவது இரண்டாம் கிழமை. தூக்கினால் இரண்டு விநாடியில் நீங்களே கீழே வையுங்கள், அது பறித்து வைக்க முதல்.


கிடுகுவேலி | நவம்பர் 14, காலை 10.15

வாசித்துக்கொண்டே வருகிறேன், நல்ல இழை. என் அக்காவின் மகளுக்கு எட்டு வயது, படலையடியின் வீட்டுக்குக் கிட்டத்தான். குதிரை வந்த செய்தி கேட்டதிலிருந்து ஏறவேண்டும் என்று நிற்கிறாள். பிள்ளைதானே, பாரமில்லை. ஏற்றலாமா?


மிருகவைத்தியம் | நவம்பர் 14, நண்பகல் 12.30

வேண்டாம் தங்கச்சி. இரண்டு வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் பல இன்னும் மூடவில்லை. முதுகெலும்பில் கடைசித் தட்டுகள் மூட ஐந்து வயதுக்கு மேலாகும். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே மூன்று, நாலு வயதில்தான். பாரம் இருக்கட்டும், பாண் ஓட்டோவுக்குப் பெரிய ஆளையே வாழைக்குள்ளால் இழுத்த குதிரை அது. பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். ஓடாமல், கத்தாமல் நிற்கப் பழகினாலே குதிரைக்குப் பெரிய உதவி.


படலையடி | டிசம்பர் 6, இரவு 9.00

மூன்று கிழமைக் கணக்குச் சொல்கிறேன்.

ஆடு வாங்கினேன். ஜமுனாபாரிக் கலப்பு, காது தொங்கி, மூக்கு வளைந்து, எதற்கும் பயமில்லாத சனியன். முதல் நாள் சிவப்பி மூசி மூசிப் பின்வாங்கியது. மூன்றாம் நாள் இரண்டும் ஒரே வாளியில். இரவுக் கனைப்பு நின்றுவிட்டது. இப்போது ஆட்டை முன்னால் நடத்தினால் குதிரை பின்னால் வருகிறது, கொட்டிலுக்குள்ளும் அப்படித்தான் போனது. (தகரமும் கழற்றினேன்.)

காலையும் மாலையும் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. நடை, நில், இரண்டடி பின்னுக்கு, சப்பையைத் தள்ளித் திரும்பு. நாக்குத் தட்டுவது எனக்கு வரவில்லை, ‘வா பிள்ளை’ என்கிறேன்.

இனிப் பிழைத்தது. பொலித்தீன் பைக்குப் பழக்குவதென்று ஒரு கம்பு நுனியில் பை கட்டிக் காட்டினேன். துள்ளியது. உடனே ஒளித்தேன். திரும்பக் காட்டினேன், இன்னும் கூடத் துள்ளியது, ஒளித்தேன். நாலு நாளில் கம்பைக் கண்டாலே வானத்துக்குப் போகிறது. கூடக்கூட மோசமாகிறது. என்ன பிழை?


பனிக்கொட்டில் | டிசம்பர் 7, அதிகாலை 12.40

நாலு நாளாக நீங்கள் அதற்குத் துள்ளப் பழக்கியிருக்கிறீர்கள். துள்ளினால் பை மறையும் என்று பாடம், அது கெட்டிக்காரப் பிள்ளை, நன்றாகப் படித்திருக்கிறது. கயிற்றில் சொன்ன அதே கதை: எந்தக் கணத்தில் விடுகிறீர்களோ அந்தக் கணத்தில் செய்ததைத்தான் அது வைத்துக்கொள்ளும்.

துள்ளாத அளவில் தொடங்குங்கள். பை முப்பதடி தூரத்தில், பொக்கற்றில் கசங்கிய சத்தம் மட்டும். காதை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு, கழுத்து இறங்கி, ஒரு நீள மூச்சு விடும் அல்லது வாயை மெல்லும். அப்போது நிறுத்துங்கள். நாளைக்கு இருபத்தைந்தடி. தற்செயலாகத் துள்ளிவிட்டால் பை அதே இடத்தில் அதே அளவில் அசையட்டும், கூட்டவும் வேண்டாம் ஒளிக்கவும் வேண்டாம், கால் நின்றதும் எடுங்கள். கட்டி வைத்து மேலெல்லாம் பையைத் தேய்த்துக் களைக்க வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அது பழகினதில்லை, நம்பிக்கை இழந்து சும்மா நிற்பது. ஒருநாள் வெடிக்கும்.

ஒரு தந்திரம்: பையோடு அதை நோக்கிப் போகாதீர்கள். பையை முன்னால் பிடித்து அதைவிட்டு விலகி நடங்கள், குதிரை பின்னால் வரட்டும். தன்னைவிட்டு விலகி ஓடுகிற சாமானைக் கண்டு குதிரை அவ்வளவு பயப்படுவதில்லை. கொஞ்ச நேரத்தில் முகர்ந்து பார்க்கக் கழுத்தை நீட்டும்.

இடப்பக்கம் சரிவந்ததும் வலப்பக்கம் முதலிலிருந்து. மறுபக்கத்தில் திரும்ப வெருளலாம்.


படலையடி | ஜனவரி 17, இரவு 8.15

பை முடிந்தது. இப்போது பையைத் தோளில் போட்டால் நின்று வாலை ஆட்டுகிறது. அம்மா சேலை உதறினால் தலையை மட்டும் தூக்குகிறது.

தைப்பொங்கலுக்குப் பெடியள் பட்டம் ஏற்றினார்கள். வாடைக்காற்றில் விண் (பட்டத்தில் கட்டுகிற நார்வில்) கூவுகிற பெரிய பட்டம், எங்கள் வளவுக்கு நேர் மேலே. மேலிருந்து வருகிற சத்தம் அதற்கு விளங்கவில்லை, காது இரண்டும் இரண்டு திசையில் சுழன்றது, உடம்பு நடுங்கியது. நான் இந்தமுறை கயிற்றைச் சுருக்கவில்லை. ‘வா பிள்ளை’ என்று சொல்லித் தெரிந்த வேலை கேட்டேன்: இரண்டடி பின்னுக்கு, நில், திரும்பு, நில். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. நடுவில் ஒருதரம் துள்ளியது, மடித்த கயிறு ஒரு மடிப்பு உருவிப் போய் நின்றது, அவ்வளவுதான். விரல் பத்தும் இருக்கிறது. கடைசியில் பட்டம் கூவக் கூவ நின்று ஆட்டின் முதுகை முகர்ந்தது.


தீவான் | ஜனவரி 17, இரவு 9.40

பெடியளுக்கு விண்ணை இறக்கச் சொல்லாமல் விட்டீரே, அதுதான் கெட்டித்தனம்.


நரிபரி | ஜனவரி 17, இரவு 10.02

கீரிமலையில் நீராடிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம் போனது. கோண்டாவிலில் படலையடிக்குக் குதிரைப் புத்தி வந்திருக்கிறது. ஊர் சமநிலையில்தான் இருக்கிறது.


சவாரிக்காரன் | ஜனவரி 18, காலை 6.10

அதெல்லாம் இருக்கட்டும். பாண் ஓட்டோ என்னவாயிற்று?


படலையடி | பெப்ரவரி 2, காலை 7.20

சவாரிக்காரன் அண்ணை கேட்டதற்காக முடிவாகும்வரை எழுதாமல் இருந்தேன்.

பாண்காரரோடு கதைத்தேன். நல்ல மனுசன். முதல் கிழமை சந்தியிலேயே பாட்டை நிறுத்திவிட்டு ஒழுங்கைக்குள் சும்மா வந்தார். நாங்கள் வளவின் பின்கோடியில் நின்றோம், ஓட்டோ தெரிந்ததும் நான் ஒரு பிடி அறுகு கொடுப்பேன், போனதும் நிறுத்துவேன். பிறகு பாட்டு, சத்தம் குறைத்து. பிறகு நாங்கள் கிணற்றடிக்கு வந்தோம், பிறகு மாமரத்தடி. ஒருநாள் அவசரப்பட்டு ஒரேயடியாகப் படலைக்குக் கொண்டுபோய்விட்டேன், மூன்று நாள் பின்னுக்குப் போயிற்று. திரும்பக் கிணற்றடியிலிருந்து.

இன்று காலை படலையில் நின்றோம். பாட்டு முழுச் சத்தத்தில் வந்தது. சிவப்பி காதை விடைத்தது, மூச்சு விட்டது, நின்றது. கயிறு தொய்ந்தே இருந்தது. பாண்காரர் நிறுத்தி அம்மாவுக்கு ஒரு இறாத்தல் பாண் கொடுத்தார்.

இப்போது வேறொரு கரைச்சல். ஆறு மணிக்கே படலையில் போய் நின்று ஓட்டோ வரும்வரை கனைக்கிறது. ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பினால் வேலியோரமாகக் கூடவே ஓடுகிறது, ஆடும் பின்னால். பக்கத்து வீட்டார் இந்தமுறை வாய் திறந்து கேட்டுவிட்டார்கள். டொக்டர், பாண் ஒரு துண்டு கொடுத்தால் பரவாயில்லையா? அம்மா ஏற்கெனவே கொடுத்துவிட்டார் போலத் தெரிகிறது.


மிருகவைத்தியம் | பெப்ரவரி 2, காலை 8.05

காய்ந்த பாணில் கையளவு துண்டு ஒன்று பரவாயில்லை. புதுப் பாண் வேண்டாம், தொண்டையில் உருண்டு அடைக்கும். உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள் அம்மாவுக்கு. இல்லாவிட்டால் அடுத்த விரல் அவருடையது.